கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்றும் திசுக் குறிப்பான்களும்

கருப்பை வாயின் உட்புறச் சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய் கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்று எனப்படும். மருத்துவமனை அறிக்கைகளில் இது ‘அடினோகார்சினோமா’ என்ற பெயரில் காணப்படும். இப்புற்று எந்த இடத்தில் தொடங்கியது, எதனால் வந்தது, எந்த வேகத்தில் பரவும் என்பதை நுண்ணோக்கியில் தெரியும் செல் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடிவதில்லை. எனவே செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில புரதங்களுக்கு நிறமேற்றித் தேடுகிறார்கள். அந்தப் புரதங்களே திசுக் குறிப்பான்கள். தேடும் முறைக்கு நோயெதிர்ப்புத் திசு வேதியியல் என்று பெயர். ஆய்வகங்களில் சுருக்கமாக ‘ஐஎச்சி’ என்பார்கள்.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்று வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இவற்றில் பெரும்பான்மை செதிள் செல் புற்று. சுரப்பிப் புற்றின் பங்கு உலக அளவில் பத்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கும். பங்கு சிறியதுதான். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தச் சிறிய பங்கில்தான் இருக்கிறது.

இரண்டு செல்கள், ஓர் எல்லை

கருப்பை வாயின் வெளிப்புறத்தைத் தட்டையான செதிள் செல்கள் பல அடுக்காக மூடியிருக்கின்றன. உள்ளே செல்லும் குழாயில் சளி சுரக்கும் உயரமான செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. இவை இரண்டும் சந்திக்கும் எல்லை வாழ்நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இளம் வயதில் வெளியே தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். மனிதப் பாப்பிலோமா வைரசு, அதாவது எச்பிவி, குறிவைப்பது பெரும்பாலும் இந்த எல்லையைத்தான். வைரசு செதிள் செல்லில் குடியேறினால் ஒரு நோய், சுரப்பிச் செல்லில் குடியேறினால் மற்றொரு நோய். வகை 16 இரண்டையும் உண்டாக்கும். வகை 18க்குச் செதிள் செல் புற்றில் உள்ளதைவிடச் சுரப்பிப் புற்றில் பங்கு அதிகம்.

செல் வடிவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள்தாம் இன்றும் உலக ஆய்வகங்களில் வளரும் ‘ஹீலா’ செல்கள். அவருடைய கட்டி செதிள் செல் புற்று என்றே அப்போது பதிவானது. இருபது ஆண்டுகள் கழித்து, பழைய கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்த்தவர்கள் அது சுரப்பிப் புற்று என்று 1971இல் எழுதினார்கள். பின்னர் அந்தச் செல்களுக்குள் எச்பிவி 18 இருப்பதும் தெரியவந்தது. கருப்பை வாய்ப் புற்றில் எச்பிவி 16ஐ 1983இலும் 18ஐ அடுத்த ஆண்டிலும் அடையாளம் கண்ட ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. திறமையான மருத்துவமனையிலேயே தவறிய வேறுபாடு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அசிட்டிக் அமிலம் எட்டாத இடம்

தமிழ்நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காரணம், இங்கே பரவலாக நடக்கும் பரிசோதனை முறை. கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று செவிலியர் கண்ணால் பார்ப்பதே அது. ஆய்வகம் வேண்டாம், முடிவு உடனே கிடைக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கியச் சமூக நல மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, ஆர். சங்கரநாராயணன் தலைமையில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்தன. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே நோய் வருவது 25 விழுக்காடும் நோயால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. தமிழக அரசும் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரிசோதனையை விரிவுபடுத்தியது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் பரப்பில்தான் இந்த முறை வேலை செய்யும். சுரப்பிப் புற்றின் தொடக்கநிலை குழாயின் உள்ளே, சில வேளைகளில் சுரப்பிகளின் அடிமடியில் இருக்கும். அசிட்டிக் அமிலத்தில் அது வெளுத்தே தீரும் என்பதும் இல்லை. பாப் ஸ்மியர் எனப்படும் செல் சுரண்டல் சோதனைக்கும் இதே குறை உண்டு. மேலைநாடுகளில் பாப் சோதனையால் செதிள் செல் புற்று வெகுவாகக் குறைந்தபோது சுரப்பிப் புற்று அந்த அளவு குறையவில்லை. அதன் விகிதம் ஏறியதற்கு இது முக்கியமான காரணம். வைரசின் மரபுப்பொருளைத் தேடும் எச்பிவி சோதனை இங்கே கைகொடுக்கிறது. ஐரோப்பாவின் நான்கு பெரிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையில், பாப் சோதனையைவிட எச்பிவி சோதனை தந்த கூடுதல் பாதுகாப்பு சுரப்பிப் புற்றில்தான் அதிகமாகத் தெரிந்தது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்பிவி சோதனையையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது.

ஆக, ‘பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்களே’ என்று ஒரு பெண் சொன்னாலும், இடைப்பட்ட நாள்களில் இரத்தக்கசிவோ நீர்போன்ற வெள்ளைப்போக்கோ தொடர்ந்தால் குழாயின் உட்புறத்திலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி எடுக்கும் சிறு துணுக்கிலிருந்துதான் குறிப்பான்களின் வேலை தொடங்குகிறது.

நிறமேற்றுவது எப்படி

எடுத்த துணுக்கை உடனே ஃபார்மலினில் போடுவார்கள். பிறகு நீர் நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். இதுவே ‘பிளாக்’. அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரோமீட்டர் தடிமனில் சீவல்கள் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். வழக்கமான சாயத்தில் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். பெரும்பாலான நோய்களுக்கு இதுவே போதும். நல்ல நோய்க்குறியியல் மருத்துவர் ஐஎச்சி கேட்பதற்கு முன் இந்தத் தகட்டை நெடுநேரம் பார்ப்பார்.

குறிப்பானைத் தேட ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் பயன்படுகிறது. ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்குரிய ஒரே புரதத்தைத்தான் பற்றும். அதன்மேல் ஒரு நொதியை இணைத்து, நிறமற்ற வேதிப்பொருளை ஊற்றினால், ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். அமெரிக்கரான ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை இணைத்தார். 1960களில் ஒளிரும் சாயத்தின் இடத்தில் நொதி வந்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை ஆன்டிபாடியை அளவின்றி உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். ஒரு தடை மட்டும் மிச்சமிருந்தது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுவதால் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மறைந்துபோகும். 1991இல் மைக்ரோவேவ் அடுப்பில் தகட்டைச் சூடாக்கினால் அந்த இடம் திறந்துகொள்வது தெரிந்தது. இன்று பல ஆய்வகங்களில் அந்த வேலையைச் செய்வது நம் வீட்டில் பருப்பு வேகவைக்கும் அதே பிரஷர் குக்கர். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்; ஆனால் சூடேற்றும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் இருக்கும் புரதம் இல்லாததுபோல் தெரியும். எனவே ஒவ்வொரு முறையும், புரதம் இருப்பது உறுதியாகத் தெரிந்த மற்றொரு திசுவையும் கூடவே நிறமேற்றி ஒப்பிடுவது கட்டாயம்.

பி16: வைரசின் நிழல்

இந்தப் புற்றில் முதலில் கேட்கப்படும் குறிப்பான் பி16. இதை வைரசின் புரதம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, இது நம் செல்லின் சொந்தப் புரதம், செல் பெருகுவதைத் தடுக்கும் பிரேக்குகளில் ஒன்று. புற்றில் பிரேக் குறைவாகத்தானே இருக்க வேண்டும், ஏன் அளவுக்கு மீறிக் கூடுகிறது?

விடை வைரசின் ஈ7 என்ற புரதத்தில் இருக்கிறது. செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் காவலாளி ஆர்பி என்ற புரதம். பி16இன் உற்பத்தியை அடக்கி வைத்திருப்பதும் இந்த ஆர்பிதான். ஈ7 வந்து ஆர்பியைப் பிடித்து அழித்துவிடுகிறது. காவலாளி போனதும் செல் கட்டுப்பாடின்றிப் பிரிகிறது; அடக்குபவர் இல்லாததால் பி16 குவிகிறது. ஆனால் பி16 தன் வேலையைச் செய்வது ஆர்பி வழியாகத்தான் என்பதால், எவ்வளவு குவிந்தாலும் பிரேக் பிடிப்பதில்லை. பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறோம், கீழே கம்பி அறுந்து கிடக்கிறது என்பது போன்ற நிலை. இதனால் எச்பிவியால் வந்த சுரப்பிப் புற்றில் பி16 இடைவெளியின்றி, உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அடர்த்தியாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் அது கணக்கில் சேராது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ‘பி16 பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதுவது போதாது. தொடர்ச்சியாகவா, திட்டுத் திட்டாகவா என்பதில்தான் பொருளே இருக்கிறது.

வைரசின் மற்றொரு புரதமான ஈ6, பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. அதற்கான மரபணு கெடாமலேயே பி53 செயலிழப்பதால், எச்பிவி புற்றுகளில் பி53 சாயம் பொதுவாக இயல்பான தோற்றத்தில்தான் இருக்கும். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

புற்றாகப் பரவுவதற்கு முந்தைய, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நிலையிலும் பி16 இதேபோல் தெரியும். கூடவே, பிரியும் செல்களை மட்டும் காட்டும் கேஐ-67 அதிகமாக இருக்கும். கருக்குழாயில் இருப்பதைப் போன்ற மயிரிழை செல்கள் கருப்பை வாயில் தோன்றுவது தீங்கற்ற மாற்றம். வழக்கமான சாயத்தில் அது புற்றின் முன்னிலை போலவே மிரட்டும். அங்கே பி16 திட்டுத் திட்டாகவும் கேஐ-67 குறைவாகவும் இருக்கும். ஓர் இளம்பெண்ணின் கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு இந்த இரண்டு பழுப்பு நிறத் தகடுகளில் தொங்குவது உண்டு.

வாயிலா, கருப்பையிலா?

குறிப்பான்கள் மிகுதியாகப் பயன்படுவது இந்தக் கேள்விக்குத்தான். துணுக்கில் சுரப்பிப் புற்று இருக்கிறது. அது கருப்பை வாயில் பிறந்ததா, கருப்பையின் உட்சுவரில் பிறந்து கீழே இறங்கியதா? இரண்டும் நுண்ணோக்கியில் அக்காள் தங்கை போல இருக்கும். சிகிச்சையோ வேறு. தொடக்கநிலைக் கருப்பை உட்சுவர்ப் புற்றுக்குக் கருப்பையையும் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றுவது வழக்கம். கருப்பை வாய்ப் புற்றுக்குச் சுற்றியுள்ள திசுக்களையும் யோனியின் மேற்பகுதியையும் சேர்த்து எடுக்கும் விரிவான அறுவை வேண்டும். சற்று வளர்ந்துவிட்டால் அறுவையை விடுத்துக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் தருவார்கள். இடம் தவறினால் அறுவை தவறும்.

பெல்ஃபாஸ்ட் நகரின் மெக்லக்கேஜ் குழுவினர் 2002இல் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் எளிய தொகுப்பைத் தந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, விமென்டின், சிஇஏ ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருப்பை உட்சுவர் ஈஸ்ட்ரோஜன் சொல்லுக்கு ஆடும் திசு. எனவே அங்கிருந்து வந்த வழக்கமான புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் விமென்டினும் தெரியும், சிஇஏ தெரியாது. கருப்பை வாயிலிருந்து வந்தால் பொதுவாகத் தலைகீழ். பின்னர் பி16உம் புரொஜெஸ்டிரோன் ஏற்பியும் இதில் சேர்ந்தன. தனியாக எந்த ஒன்றையும் நம்பக் கூடாது; நான்கைந்து சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் முறை.

சாட்சிகள் முரண்படும் இடமும் உண்டு. கருப்பை உட்சுவரில் தோன்றும் சீரஸ் வகைப் புற்று எச்பிவி இல்லாமலேயே பி16ஐ அடர்த்தியாகக் காட்டும். அங்கே பி53 மரபணு கெட்டிருப்பதால் பி53 சாயம் ஒன்று எல்லா உட்கருவிலும் அடர்ந்திருக்கும், அல்லது முற்றிலும் காணாமல் போயிருக்கும். முன்சொன்ன பி53 குறிப்பு பயன்படுவது இங்கேதான். அப்போதும் ஐயம் தீராவிட்டால் எச்பிவியின் ஆர்என்ஏவைத் தகட்டிலேயே தேடும் சோதனை தீர்ப்புச் சொல்லும். பெருங்குடலிலிருந்து பரவியது என்ற ஐயம் வந்தால் சிகே20, சிடிஎக்ஸ்2, சாட்பி2 ஆகியவற்றைக் கேட்பார்கள். குடல் செல்லின் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும் கருப்பை வாய்ப் புற்றிலும் சிடிஎக்ஸ்2 தெரியக்கூடும் என்பதால் அங்கும் எச்சரிக்கை தேவை.

வைரசு இல்லாமல் வருபவை

2018இல் ஒரு பன்னாட்டுக் குழு சுரப்பிப் புற்றுகளை எச்பிவியால் வருபவை, எச்பிவி இல்லாமல் வருபவை என்று இரண்டாகப் பிரித்தது. 2020இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இதை ஏற்றது. பெயர் மாற்றம் போலத் தோன்றினாலும், என் கருத்தில் இத்துறையில் அண்மையில் நடந்த மிகப் பயனுள்ள திருத்தம் இதுதான். எச்பிவி இல்லாத வகைகளை எச்பிவி சோதனை கண்டுபிடிக்காது. சர்வாவாக் உள்ளிட்ட எந்தத் தடுப்பூசியும் அவற்றைத் தடுக்காது.

இவற்றில் முக்கியமானது இரைப்பை வகை. இரைப்பையின் அடிச்சுரப்பிகள் சுரக்கும் சளியை ஒத்த சளி இதில் சுரக்கும். ஜப்பானில் இது மற்ற நாடுகளைவிடக் கூடுதலாகப் பதிவாகிறது; இதை அடையாளம் காணும் எச்ஐகே1083 என்ற ஆன்டிபாடியும் அங்கிருந்து வந்ததே. அது கிடைக்காத இடங்களில் எம்யுசி6 பயன்படும். அண்மையில் கிளாடின் 18.2உம் சேர்ந்திருக்கிறது. இவ்வகையில் பி16 பெரும்பாலும் தொடர்ச்சியாக இருக்காது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்காது, பி53 பல வேளைகளில் கெட்டிருக்கும். இதன் ஒரு வடிவம் இயல்பான சுரப்பிகள் போலவே சாதுவாகத் தோன்றும். ஆழம் வரை ஊடுருவியிருப்பதைப் பார்த்துத்தான் புற்று என்று தெரியும். தோற்றம் சாது என்றாலும் நடத்தை கொடியது. சூலகத்துக்கும் வயிற்று உறைக்கும் விரைவில் பரவும். உதட்டில் கரும்புள்ளிகளோடு வரும் பியூட்ஸ்–ஜெகர்ஸ் என்ற பரம்பரைக் கோளாறு உள்ள பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

மற்றவை அரியவை. கருவளர்ச்சிக் காலத்தில் எஞ்சிய குழாய்த் துணுக்கிலிருந்து வரும் வகையில் காட்டா3 தெரியும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தெரியாது. தெளிசெல் வகையில் நாப்சின்-ஏ தெரியும். கருவுற்றிருந்த தாய்மாருக்கு டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததால் அவர்களின் மகள்களுக்கு யோனியிலும் கருப்பை வாயிலும் வந்ததாக அமெரிக்காவில் 1970களில் தெரியவந்தது இந்தத் தெளிசெல் வகைதான்.

நோயின் பெயரைச் சொல்வதோடு குறிப்பான்களின் வேலை முடிவதில்லை. திரும்பி வந்த அல்லது பரவிய நோயில் பிடி-எல்1 புரதம் தெரிந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கருதலாம். சில சுரப்பிப் புற்றுகளில் ஹெர்2ம் கேட்கப்படுகிறது. விலையைப் பார்த்தால் இவை இன்னும் பெரும்பாலோர்க்கு எட்டாதவை.

எளாவூரிலிருந்து ஒரு பிளாக்

ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை–கூடூர் இரயில் தடத்தில் உள்ள எளாவூரையும் அதன் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியையும் எடுத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலச் சோதனை நடக்கலாம். திசு எடுப்பதும் ஐஎச்சியும் அங்கே நடப்பவை அல்ல. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடசென்னையில் ஸ்டான்லி, எழும்பூரில் மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் நிலையம், அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை என்று வழிகள் உண்டு. இஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளிக்கு அயனாவரமும் கே.கே. நகரும் சேர்த்து. நோயாளி பயணம் செய்யாமல் திசு மட்டும் பயணம் செய்யலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

அந்தப் பயணத்தில் முடிவைக் கெடுப்பது தூரம் அல்ல, முதல் ஒரு மணி நேரம். துணுக்கை உப்புநீரிலோ வெறும் பஞ்சிலோ வைத்துவிட்டால் புரதங்கள் சிதையத் தொடங்கிவிடும். 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில், துணுக்கின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறினால் சாயம் நம்பத்தக்கதாக இருக்கும். சனிக்கிழமை மாலை எடுத்தது செவ்வாய் காலைக்குள் ஆய்வகத்தில் இருந்தால் சரி; பொங்கல் விடுமுறை முழுக்க அலமாரியில் கிடந்தால் சில குறிப்பான்கள் மங்கிவிடும்.

மருத்துவமனை மாறும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்லும் குடும்பங்கள் பல. தாளை வைத்துக்கொண்டு யாராலும் புதிதாக நிறமேற்ற முடியாது. கண்ணாடித் தகடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கேட்டால் ஆய்வகம் தரும். பிளாக்கை வெயில் படும் வண்டிப் பெட்டியில் வைக்கக் கூடாது, மெழுகு இளகும். துணுக்கு மிகச் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு சீவலுக்கும் அது தேய்ந்துகொண்டே போகும் என்பதால், எந்தக் குறிப்பான்களை முதலில் பார்ப்பது என்பதை இரண்டு ஆய்வகங்களின் மருத்துவர்களும் பேசி முடிவு செய்வது நல்லது. நன்றாகப் பதித்த பிளாக் அறை வெப்பத்தில் பல ஆண்டுகள் கழித்தும் சீவி நிறமேற்றத் தக்கதாக இருக்கும்.